ஓங்கல் கரையோரம் ஐந்து நாள் கயாக் பயணம்: எத்தனை கிலோமீட்டர், எங்கே இறங்குவது?

மதிகடல்:
வணக்கம் எல்லாருக்கும். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து கடல் கயாக்கில் (உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் நீண்டு குறுகிய படகு) ஐந்து நாள் போய்வரத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். மேற்கே திறந்த பெருங்கடலைப் பார்த்த கரை. பெரும்பகுதி செங்குத்தான ஓங்கல், அதாவது கடலோரம் சுவர்போல நிற்கும் பாறை. சாலை கிடையாது, கைப்பேசி சிக்னல் கிடையாது. அந்தப் பருவத்தில் தண்ணீரின் வெப்பம் 11 டிகிரி. மொத்த தூரம் 110 கிமீ. நாளுக்கு 22 கிமீ என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

மூவரிடமும் 5 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கயாக் இருக்கிறது, ஸ்கெக் (கயாக் நேராக ஓட அடியில் இறக்கும் தகடு) உண்டு. விரிகுடாவுக்குள் நிறையவே ஓட்டியிருக்கிறோம். கவிழ்ந்தவரைத் திரும்ப ஏற்றும் பயிற்சியும் உண்டு. திறந்த கடலில் ஒருநாள் பயணங்கள் மட்டும்தான்.

நாளுக்கு 22 கிமீ சுமையோடு சரிவருமா? ஓங்கலிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகலாம்? கூடாரம் எந்த மாதிரி எடுக்கலாம்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வேகத்துடுப்பு:
22 தாராளமாக முடியும் நண்பா. சுமை ஏற்றிய கயாக் மணிக்கு 5 கிமீக்கு மேல் போகும். நடுவில் ஓய்வெடுத்தாலும் ஐந்து மணி நேர வேலை. காலை ஆறுக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் கூடாரம் போட்டுவிடலாம். உடம்பு நன்றாக இருந்தால் 30 கூடப் போகலாம், அப்போது ஒருநாள் மிச்சமாகும், மழைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூடாரம் தாழ்வான வடிவம், காற்றுக்குத் தாங்கும் கம்பிகள், அது போதும்.

பாறைமுனை:
மதி, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த 110 கிமீயில் கயாக்கோடு உயிருக்கு ஆபத்தில்லாமல் கரையேறக்கூடிய இடங்கள் எத்தனை? அவை எங்கெங்கே?

110ஐ ஐந்தால் வகுத்தது நீங்கள். கடற்கரை அப்படி வகுபட்டுக் கிடக்காது. 22ஆவது கிலோமீட்டரில் நூறு மீட்டர் உயரச் சுவர் நின்றால் உங்கள் நாள் அங்கே முடியாது. அடுத்த இறங்குமிடம் வரைக்கும் நீளும், இல்லையென்றால் வந்த வழியே திரும்பவேண்டும். ஓங்கல் கரையில் நாளின் அளவைத் தீர்மானிப்பது உங்கள் தோளோ மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோ அல்ல. ஒரு நல்ல இறங்குமிடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளிதான்.

ஆகவே முதல் வேலை வரைபடத்தோடு உட்காருவது. நான் மூன்று நிறங்களில் குறிப்பேன். எந்தக் காற்றிலும் எந்த அலையிலும் இறங்கலாம் என்ற இடத்துக்குப் பச்சை. பெரும்பாலும் அது ஒரு முனையின் பின்பக்கம் வளைந்து உள்ளே போகும் சிறு குடாவாகவோ, நேர் அலையைத் தடுக்கும் தீவின் மறைவாகவோ இருக்கும். அலை சிறிதாக இருந்தால் மட்டும் இறங்கலாம் என்றால் மஞ்சள். கயாக்கை இழந்தாலும் ஆள் பிழைக்கலாம், அவ்வளவே என்றால் சிவப்பு. திட்டத்தைப் பச்சைக்கும் பச்சைக்கும் நடுவே போடுங்கள். மஞ்சள் நல்ல நாளில் கிடைக்கும் சலுகை. அதை நம்பி இரவு தங்கலைத் தீர்மானிக்கக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். நிலவரைபடத்தில் உயரக்கோடுகள் கடலோரம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் அது சுவர். அவை விலகி, நடுவே ஓர் ஓடை கடலில் வந்து சேர்ந்தால் அந்த வாயில் கூழாங்கல் திட்டோ சிறு மணலோ இருக்க வாய்ப்பு அதிகம். குடிநீரும் அங்கேயே. பிறகு செயற்கைக்கோள் படம். ஒரே ஒரு நாள் படத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பழைய தேதிகளின் படங்களையும் எடுத்து, அதே கரையில் வெள்ளை நுரை எங்கே மாறாமல் இருக்கிறது, எங்கே எந்தப் படத்திலும் இல்லை என்று பாருங்கள். எந்தத் தேதியிலும் நுரை இல்லாத மூலை உங்கள் பச்சை. கடற்பயண வரைபடம் கிடைத்தால் மூழ்கிய பாறைகளையும் அதில் பாருங்கள். நிலவரைபடத்தில் அவை இருக்காது.

இதை முடித்துவிட்டு வாருங்கள். கிலோமீட்டரும் கூடாரமும் அப்புறம் பேசலாம்.

மதிகடல்:
பாறைமுனை ஐயா, இரண்டு இரவு உட்கார்ந்து குறித்தேன். என்னுடைய பட்டியலில் பதினோரு கடற்கரைகள் இருந்தன. நீங்கள் சொன்ன கணக்கில் பச்சை நான்குதான் தேறியது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே 31 கிமீ. அதில் ஒரு மஞ்சள் இருக்கிறது, மற்றதெல்லாம் நேர் ஓங்கல். அந்த நாளில் முன்னறிவிப்பு 1.5 மீட்டர் அலை என்று சொன்னால் போகலாமா? 1.5 மீட்டரில் நாங்கள் ஓட்டியிருக்கிறோம்.

ஆழிக்கண்:
1.5 மீட்டர் என்ற எண்ணை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது மதி. எத்தனை விநாடிக்கு ஒன்று? அதுதான் பாதி செய்தி.

ஆழ்கடலில் அலையின் நீளம், அந்த விநாடியை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் 1.56ஆல் பெருக்கினால் மீட்டரில் கிடைக்கும். 7 விநாடி அலை என்றால் ஏறக்குறைய 76 மீட்டர் நீளம். 14 விநாடி என்றால் 306 மீட்டர். அலை அதன் நீளத்தில் பாதி ஆழம் வரைக்கும் தண்ணீரை அசைக்கும். அதாவது 7 விநாடி அலை 38 மீட்டர் ஆழத்தில்தான் தரையை உணரத் தொடங்குகிறது, 14 விநாடி அலை 150 மீட்டர் ஆழத்திலேயே உணர்ந்துவிடுகிறது. எங்கோ தொலைவில் அடித்த புயலிலிருந்து வரும் இந்த நீண்ட அலையைத்தான் ஸ்வெல் என்கிறோம். நடுக்கடலில் அது கயாக்கை மெல்லத் தூக்கி மெல்ல இறக்கும், சுகமாகவே இருக்கும். கரைக்கு வந்ததும் நெஞ்சு நிமிர்த்தி எழும். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் 14 விநாடி அலை சுமந்து வரும் ஆற்றல் 7 விநாடி அலையைவிட இருமடங்கு. முனைகளைச் சுற்றி வளைந்து மறைவான மூலைகளுக்குள்ளும் அது நுழையும். உங்கள் பச்சை இடங்கள் நீண்ட ஸ்வெல் நாளில் பச்சையாகவே இருக்குமா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று. முன்னறிவிப்பில் வரும் உயரம் மிகப் பெரிய அலையின் உயரம் அல்ல. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. ஒருநாள் முழுக்கக் கடலில் இருப்பவர் அந்த எண்ணைப்போல ஏறக்குறைய இருமடங்கு உயரத்தில் ஓர் அலையைச் சந்திக்கத் தயாராக இருக்கவேண்டும். 1.5 என்றால் 3.

மறைந்த பாறைகள் பயங்கரமாவது இதனால்தான். தண்ணீரின் ஆழம் அலையுயரத்தில் ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடைகிறது. 3 மீட்டர் ஆழத்தில் ஒரு பாறை கிடந்தால் 1.5 மீட்டர் அலை அதன் மேல் சத்தமில்லாமல் கடந்துபோகும். இரண்டரை மீட்டர் அலை வந்தால் அதே இடத்தில் வெடிக்கும். பத்து நிமிடம் அமைதியாகத் தெரிந்த இடத்தில் கயாக் நிற்கும்போது அது வரும். ஓங்கலுக்கும் அப்படிப்பட்ட பாறைக்கும் நடுவே குறுக்கு வழி தெரிந்தால், நின்று கால் மணி நேரமாவது பார்க்காமல் நுழையாதீர்கள். ஸ்வெல் நீளமான நாளில் நுழையவே வேண்டாம்.

வேகத்துடுப்பு:
இவ்வளவு கணக்கு எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓங்கலை விட்டு ஒன்றரை, இரண்டு கிமீ வெளியே போய்விட்டால் பாறையும் இல்லை, உடையும் அலையும் இல்லை. 31 கிமீ என்பது ஆறு மணி நேரம். ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்தவர்கள் என்ன செய்தார்கள்? பால் காஃபின் 1982இல் சுற்றி முடித்தார், ஃப்ரெயா ஹாஃப்மைஸ்டர் 2009இல். மேற்குக் கரையின் ஸாய்டோர்ப் ஓங்கல் நூறு கிமீக்கும் மேல் நீள்கிறது, இறங்க இடமே கிடையாது. இரவும் பகலும் நிறுத்தாமல் ஓட்டித்தானே கடந்தார்கள்?

பாறைமுனை:
கடந்தார்கள். நீங்கள் சொல்லும் அந்த இருவரையும் நானும் மனதார மதிக்கிறேன். ஆனால் அந்த எடுத்துக்காட்டு என் பக்கம்தான் பேசுகிறது, கவனியுங்கள். அங்கே இறங்க முடியாது என்று தெரிந்துதான் இரவையும் சேர்த்து ஒரே ஓட்டமாகத் திட்டமிட்டார்கள். கயாக்கிலேயே முப்பது மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் உடலும் அதற்கான பயிற்சியும் அவர்களுக்கு இருந்தன. அவர்களும் இடைவெளியை அளந்து அதற்கேற்ப நாளை நீட்டினார்கள். மதியின் குழு ஒருநாள் பயணங்கள் மட்டும் போன குழு. இந்த 31 கிமீதான் அவர்களுடைய ஸாய்டோர்ப்.

வெளியே போவது பற்றி. அலை ஓங்கலில் மோதித் திரும்பும், வரும் அலையோடு சேரும். சேரும் இடத்தில் உயரம் இருமடங்காகும், முன்னேறாமல் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் குதிக்கும். அதில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியும். வலப்பக்கம் துடுப்பை நீட்டினால் அங்கே தண்ணீர் இருக்காது, அரை விநாடி முன்பு இருந்த மேடு பள்ளமாகியிருக்கும். துடுப்பு காற்றில் வீசும், இடுப்பு மட்டும்தான் கயாக்கை நிமிர்த்தி வைக்கும். செங்குத்தான சுவர் என்றால் சில நூறு மீட்டர் வரைக்கும் இது தெரியும். ஆகவே அரை கிமீ, முக்கால் கிமீ தள்ளிப் போவது சரி, அதில் உங்களோடு சண்டையில்லை.

இரண்டு கிமீ வெளியே என்றால் வேறு விஷயம் வந்துவிடுகிறது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. ஓங்கலின் காலடியில் நிழல் மாதிரி அமைதி இருக்கும், தண்ணீர் வழுவழுப்பாக இருக்கும், காற்றே இல்லை என்று தோன்றும். வெளியே போகப்போகத்தான் அது தலைக்கு மேலிருந்து இறங்கிப் பிடிக்கும். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும். காற்று 10 நாட்டிலிருந்து (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிமீ) 20 ஆனால் உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்கு. அப்போது கரைக்குத் திரும்புவதற்கு ஒவ்வொரு மீட்டருக்கும் போராடவேண்டும்.

1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர், ஆசிரியர் ஒருவர், பயிற்றுநர்கள் இருவர் என்று கயாக்கில் கிளம்பிய குழுவைக் காற்று கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். பிள்ளைகளுக்கான சாகச மையங்களை உரிமம் பெற வைக்கும் சட்டம் அங்கே 1995இல் வந்தது அதன் பிறகுதான். அது பிரமாண்ட ஓங்கல் கரையும் அல்ல, பயணமும் சில கிலோமீட்டர்தான். கரைக்காற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

வேகத்துடுப்பு:
கரைக்காற்று பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு கிமீ என்பதை எந்தக் காற்று வீசுகிறது என்று பார்த்தபின் பேசவேண்டும், சரி. ஆனால் உடலின் வேகத்தை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. 31 கிமீயை ஐந்தரை மணி நேரத்தில் முடிக்கும் குழுவுக்கும் எட்டு மணி நேரம் எடுக்கும் குழுவுக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. நல்ல வானிலை இருக்கும் நேரத்துக்குள் முடிப்பதும் பாதுகாப்புதான்.

பாறைமுனை:
அதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். மதி, மூன்று பேரில் மெதுவாக ஓட்டுபவர், சுமையோடு, லேசான எதிர்காற்றில் எவ்வளவு வேகம் போகிறார் என்று கிளம்புவதற்கு முன் அளந்துவிடுங்கள். கணக்கு அந்த வேகத்தில்தான்.

நெய்தலாள்:
நான் முதலுதவிப் பக்கம் பேசுகிறேன். 11 டிகிரி தண்ணீர் என்று போட்டிருக்கிறீர்கள், உடை பற்றி யாரும் கேட்கவில்லையே என்று கவலையாக இருக்கிறது.

கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீரை ஆராய்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்ற கணக்கு உண்டு. குளிர்ந்த நீரில் விழுந்ததும் மூச்சு தாறுமாறாக இழுக்கும், அதை அடக்க ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று எல்லாரும் கடைசி எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். கயாக்காரருக்கு நடுவிலுள்ள பத்துதான் எல்லாம். அதற்குப் பிறகு உயிர் இருக்கும், விரல் இருக்காது. ஸ்ப்ரே ஸ்கர்ட்டை (இருக்கைக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் துணி) திரும்பப் பொருத்துவது, தண்ணீர் இறைக்கும் பம்பைப் பிடிப்பது, வானொலியின் சிறு பொத்தானை அழுத்துவது எதுவும் நடக்காது. உயிர்காப்புச் சட்டை இல்லையென்றால் முதல் நிமிடத்திலேயே தண்ணீரை இழுத்து மூழ்கிவிடலாம்.

ஆகவே வெயிலுக்கு உடுத்தாதீர்கள், தண்ணீருக்கு உடுத்துங்கள். ஓங்கல் கரையில் கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் வளையம் உள்ள, தண்ணீர் உள்ளே புகாத டிரை சூட், உள்ளே கம்பளி. நனைந்தாலும் உடம்புச் சூட்டைக் காக்கும் வெட் சூட் போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், இறங்க இடமுள்ள கரைக்கு அது போதும். 31 கிமீ சுவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கிளம்பும் முன் முழங்கால் ஆழத்தில் குனிந்து உள்ளே இருக்கும் காற்றைக் கழுத்து வழியே வெளியேற்றுங்கள், அப்படியே கழுத்தளவு மூழ்கி எழுங்கள். ஜிப் கடைசி இரண்டு சென்டிமீட்டர் மூடாமல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்கர்ட்டின் முன்பக்கம் இழுக்கும் வளையம் வெளியே இருக்கிறதா என்று ஒருவர் மற்றவருடையதைத் தொட்டுப் பார்க்கவேண்டும். அவசரத்தில் உள்ளே மடிந்து போவது எல்லாருக்கும் நடக்கக்கூடியது. கவிழ்ந்த நிலையில், தலைகீழாக, அதைத் தேடி எடுக்க முடியாது.

தனித்துறை:
நான் பெரும்பாலும் தனியாகவே போகிறவன். மூவர் போவது நல்லது. ஆனால் மூவர் இருக்கிறோம் என்ற தைரியம் மட்டும் இருந்தால் போதாது, மூவரும் கேட்கும் தூரத்தில் இருக்கவேண்டும். ஒருவர் முனையைச் சுற்றிவிட்டு, பின்னால் வருபவர் இன்னும் இந்தப் பக்கம் இருந்தால், அந்த நேரத்தில் கடலில் இருப்பது மூன்று தனி ஆட்கள்.

கருவிகள் விஷயம். விஎச்எஃப் வானொலி, அதாவது படகுகள் பேசிக்கொள்ளும் வானொலி, நேர்ப்பார்வையில்தான் எட்டும். கயாக்கில் உட்கார்ந்திருப்பவர் கையிலுள்ள வானொலி தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது, பக்கத்தில் ஓங்கல் மறைக்கும். அவசர அழைப்புக்கான சானல் 16இல் கூப்பிட்டால் அருகில் வரும் கப்பலோ மீன்பிடிப் படகோ கேட்கலாம், முனைக்கு அந்தப் பக்கமுள்ள நிலையம் கேட்காமல் போகலாம். அதனால் 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்களுக்குச் செய்தி அனுப்பும் பிஎல்பி என்ற சிறு அவசரக் கருவி ஆளுக்கு ஒன்று. அதைப் பெயரில் பதிவு செய்திருக்கவேண்டும். சுவரை ஒட்டி நின்றால் பாதி வானம் மறைந்திருக்கும், செய்தி போகத் தாமதமாகலாம்.

முக்கியமானது, இவை எல்லாம் உயிர்காப்புச் சட்டையில், உடம்போடு. கயாக்கின் அறைக்குள் பத்திரமாக வைத்த பிஎல்பி, கயாக் உங்களை விட்டுப் போகும்போது கூடவே போய்விடும்.

பச்சை மஞ்சள் கணக்கில் நான் ஒன்று சேர்ப்பேன். ஒவ்வொரு இடைவெளியிலும் திரும்ப முடியாத புள்ளி ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் முன்னால் உள்ள பச்சைதான் அருகில். அந்தப் புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால், கரையில் அடையாளம் தெரியும் ஏதாவது ஒன்றைக் குறித்து வையுங்கள், தூண்பாறையோ அருவியோ. அங்கே மூவரும் நின்று, ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டும், தொடரலாமா வேண்டாமா என்று. ஒருவர் வேண்டாம் என்றால் திரும்புவது. காரணம் கேட்டு விவாதம் கரையில் வைத்துக்கொள்ளலாம்.

மதிகடல்:
எல்லாருக்கும் நன்றி. நெய்தலாள் அக்கா, டிரை சூட் இருவரிடம் உண்டு, மூன்றாமவருக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கிளம்புவோம். இப்போது இன்னொரு சந்தேகம். 31 கிமீயின் நடுவில் ஒரு பெரிய முனை இருக்கிறது. ஓத நீரோட்டம் (கடல்மட்டம் ஏறி இறங்குவதால் ஓடும் நீர்) அங்கே அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் 4 நாட் வரைக்கும் போகும் என்று கடல் வழிகாட்டியில் இருக்கிறது. நீரோட்டம் நம் பக்கம் போகும்போது சேர்ந்து போனால் வேகம் கிடைக்குமே, அது நல்லதுதானே?

ஆழிக்கண்:
நீரோட்டம் உங்களோடு, காற்றும் ஸ்வெல்லும் உங்களோடு என்றால் நல்லது. நீரோட்டத்துக்கு எதிராகக் காற்றோ ஸ்வெல்லோ வந்தால் அலை நெருங்கி, செங்குத்தாகி, முனைக்கு முன்னால் கொதிக்கும். வெளியே சாதுவாக இருக்கும் கடல் அங்கே மட்டும் வெள்ளையாகத் தெரியும். 4 நாட்டில் உள்ளே நுழைந்தபின் மனதை மாற்றிக்கொள்ள முடியாது, உங்கள் துடுப்பு வேகமே 3 நாட் சுற்றித்தான்.

கணக்கு இப்படி. நீரோட்டம் நின்று திரும்பும் நேரத்திலிருந்து ஒரு மணி கழித்து உச்ச வேகத்தில் பாதி, இரண்டு மணி கழித்து 90 சதவீதம், மூன்று மணி கழித்து உச்சம். 4 நாட் இடத்தில் ஒரு மணி கழித்து 2 நாட், இரண்டு மணி கழித்து 3.6. பார்க்கும்போது ஆறு மணி நேரம் இருப்பது போலத் தோன்றும், ஆனால் முனையை அமைதியாகச் சுற்றுவதற்குக் கிடைப்பது திரும்பும் நேரத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி, முக்கால் மணிதான். முனையில் எத்தனை மணிக்கு நிற்கவேண்டும் என்று முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, கிளம்பும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். கரையோரம் நீரோட்டம் திரும்புவதும் ஓதம் உச்சத்தில் நிற்பதும் ஒரே நேரமாக இருக்கவேண்டியதில்லை. சில முனைகளில் மணிக்கணக்கில் வேறுபடும், அதையும் வழிகாட்டியில் பாருங்கள்.

தேதியை மாற்ற முடியுமா? அஷ்டமி கழிந்த ஒன்றிரண்டு நாளில் வைத்தால் ஓதம் சிறிது, நீரோட்டமும் அமாவாசை அளவில் பாதியளவாகிவிடும். ஒரே முனை, ஆனால் வேறு கடல்.

பாறைமுனை:
தேதி மாற்றுவது அருமையான யோசனை. அமாவாசை, பௌர்ணமியில் இன்னொரு தொல்லை உண்டு, கூழாங்கல் கடற்கரை பலவும் உயர் ஓதத்தில் காணாமலே போய்விடும். கூடாரம் போடும் முன் கடற்பாசியும் சருகும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைத் தேடுங்கள். பல நாள் காய்ந்த கோடு மேலே, நேற்றைய ஈரக்கோடு கீழே. அமாவாசையை நோக்கிப் போகிறது என்றால் ஒவ்வொரு நாளும் தண்ணீர் இன்னும் மேலே வரும். காய்ந்த கோட்டுக்கும் மேலேதான் கூடாரம், கயாக்கும் அங்கேயே, கட்டிப்போட்டு.

இறங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடிபடுவது பெரும்பாலும் அங்கேதான். கரையை நெருங்கும்போது பின்னாலிருந்து பார்த்தால் அலையின் முதுகு மட்டும்தான் தெரியும், அது எப்படி உடைகிறது என்று தெரியாது. வெளியிலேயே நின்று பாருங்கள். நுரை கரை வரைக்கும் நீளமாகப் பரவி ஓடினால் சரிவு மெதுவானது. ஓசை ஒரே அடியாக, தடார் என்று கேட்டு, கூடவே கற்கள் உருளும் கரகர சத்தம் வந்தால் சரிவு செங்குத்து, அலை முழுதும் ஓரிடத்திலேயே கொட்டுகிறது. அங்கே அலையின் மேல் சவாரி செய்து வந்தால் கயாக்கின் மூக்கு கல்லில் குத்தும்.

பெரிய அலைகள் கூட்டமாக வரும். அந்தக் கூட்டத்தின் கடைசி அலை உங்களைக் கடந்ததும் அதன் முதுகைப் பிடித்தபடி முழு வலுவோடு பின்தொடருங்கள், அதை முந்தாதீர்கள். ஸ்கர்ட்டைக் கடைசி சில மீட்டரில் கழற்றி, மூக்கு கல்லைத் தொட்ட கணமே காலை வெளியே போட்டு, கயாக்கின் முன்புறக் கைப்பிடியைப் பிடித்து மேலே ஓடவேண்டும். எந்த நிலையிலும் கயாக்குக்கும் கரைக்கும் நடுவே நிற்காதீர்கள். சாமானும் தண்ணீரும் நிரம்பிய கயாக்கை அடுத்த அலை தள்ளினால் அது முழங்காலை உடைக்கும். உங்களில் நன்றாக இறங்கத் தெரிந்தவர் முதலில் இறங்கி, அடுத்தவருக்குக் கையால் சைகை காட்டட்டும். வெளியே கடைசியாக நிற்பவரும் திறமையானவராக இருக்கவேண்டும். நடுவில் வருபவர்தான் புதியவர்.

வேகத்துடுப்பு:
குகைகளைப் பற்றியும் ஒரு வரி. உள்ளே போக ஆசை வரும், நானும் ரசித்துச் செய்கிற விஷயம். ஸ்வெல் அரை மீட்டருக்குக் கீழே, விநாடியும் குறைவாக இருக்கும் நாளில், பின்னோக்கி நுழையுங்கள், முகம் கடலைப் பார்த்தபடி. ஒருவர் வெளியே நின்று கடலைக் கவனிக்கட்டும். ஓங்கலில் பறவைகள் முட்டையிட்டிருக்கும் பருவம் என்றால் அந்தப் பக்கம் நெருங்கவே வேண்டாம். பறவை கலைந்து பறந்தால் முட்டை கீழே விழும், குளிரும்.

நெய்தலாள்:
குடிநீர் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டராவது. ஓடையை நம்பலாம், ஆனால் ஒருநாள் அளவு எப்போதும் கையிருப்பில். வானிலைக்காகக் கரையில் காத்திருக்க இரண்டு நாள் உணவு கூடுதலாக. இந்த இரண்டு நாள் இல்லாவிட்டால் பசி உங்களைத் தவறான நாளில் கடலுக்குள் தள்ளும்.

மதிகடல்:
திட்டத்தை மாற்றிவிட்டேன். பாருங்கள், ஏதாவது விட்டிருந்தால் சொல்லுங்கள்.

தேதி அஷ்டமிக்கு இரண்டு நாள் கழித்து. ஐந்து நாளை ஏழாக்கியிருக்கிறோம், அதில் இரண்டு நாள் மூன்றாவது பச்சையில் காத்திருப்பதற்காகவே. முதல் மூன்று பச்சைகள் வரைக்கும் 14, 19, 17 கிமீ. அங்கே உட்கார்ந்து 31 கிமீக்கு நிபந்தனை வைத்திருக்கிறோம்: ஸ்வெல் 1 மீட்டருக்குள், 10 விநாடிக்குள். காற்று 10 நாட்டுக்குள், கரையிலிருந்து வீசக் கூடாது. எங்களில் மெதுவானவர் சுமையோடு மணிக்கு 4.6 கிமீ, ஆக ஏழு மணி நேரம். முனையை நீரோட்டம் திரும்பும்போது சுற்றும்படி காலை 5.40க்குக் கிளம்பவேண்டும். திரும்ப முடியாத புள்ளிக்கு முன்னால் இரட்டைத் தூண்பாறை இருக்கிறது, அங்கே மூவரும் வாய்விட்டுச் சொல்வது.

இரண்டு நாளிலும் நிபந்தனை சரிவரவில்லை என்றால் அந்தச் சுவர் இந்தத் தடவை இல்லை. வந்த வழியே திரும்பி, முதல் பச்சைக்குப் பக்கத்திலுள்ள தீவுகளைச் சுற்றிவிட்டு வருவோம். நண்பர்கள் இருவரும் இதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

பாறைமுனை:
இதுதான் திட்டம். ஒரே ஒரு திருத்தம். நிபந்தனையைக் கிளம்பும் காலை முன்னறிவிப்போடு மட்டும் ஒப்பிடாதீர்கள். முனையை நெருங்கும் நேரத்துக்கும், நான்காவது பச்சையில் இறங்கும் நேரத்துக்கும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும் கரைகள் நிறைய உண்டு. கிளம்பியது நல்ல கடல், இறங்குவது வேறு கடல் என்று ஆகிவிடக் கூடாது. இந்த நிபந்தனைகளையும், எந்த மணிக்குள் செய்தி வராவிட்டால் மீட்புக்குச் சொல்லவேண்டும் என்பதையும் எழுதி, கரையிலிருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தனித்துறை:
சின்ன விஷயம் ஒன்று, யாரும் சொல்லவில்லை. உங்கள் மூவருடையதும் ஸ்கெக் உள்ள கயாக். கூழாங்கல் கரையிலிருந்து தள்ளும்போது ஸ்கெக் பெட்டிக்குள் பொடிக்கல் புகுந்து இறுகிக்கொள்ளும், நடுக்கடலில் பக்கக்காற்று பிடிக்கும்போதுதான் இறங்கவில்லை என்று தெரியும். ஸ்கெக் தகட்டின் ஓரத்தில் சிறு துளை போட்டு, விரல் நுழையும் அளவுக்கு ஒரு கயிற்று வளையம் கட்டிவிடுங்கள். பக்கத்தில் வருபவர் கடலிலேயே அதைப் பிடித்து இழுத்துவிட முடியும்.

மதிகடல்:
இன்று மாலையே மூன்றுக்கும் கட்டிவிடுகிறேன். கயிறு எத்தனை மில்லிமீட்டர்?

தனித்துறை:
2 போதும். தடிமனானால் பெட்டிக்குள் அதுவே சிக்கும்.